டெல்மிசார்டானுக்கு அடுத்து எது? சக்கரை கிட்னிக்கு இருக்குற நாலு வழியில எதை முதல்ல கேக்கணும்

பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கமிருந்து எங்க லேபுக்கு வர்ற சக்கரைக்காரங்க நிறைய பேர் கையில கிட்டத்தட்ட ஒரே மாதிரி சீட்டுதான் இருக்கும், மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பிரஷருக்கு டெல்மிசார்டான் 40. நாங்க அடிச்சுக் குடுக்குற ரிப்போர்ட்ல யூரின் ஏசிஆர் (அல்புமின்ங்குற புரோட்டீன் யூரின்ல எவ்வளவு லீக்காகுதுங்கற கணக்கு) 450, கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, ஊர்ல 'உப்பு'ன்னு சொல்றது) 1.5ன்னு இருக்கும். "ஏம்மா, டாக்டர் கிட்னிக்கு இன்னொரு மாத்திரை சேக்கலாம்ங்கறாரு, நாலஞ்சு இருக்காமே, எதும்மா நல்லது?"ன்னு கேப்பாங்க. மருந்து முடிவு பண்றது டாக்டர் வேலை, அதுல நான் கை வைக்கல. ஆனா எந்த மருந்து உடம்புல எந்த சிக்னலை அடைக்குது, அதுக்கு என்ன ஆதாரம் இருக்கு, நம்ம ஊர் நிலைமைக்கு எது தோதுப்படும்னு தெரிஞ்சுட்டுப் போனா டாக்டர்கிட்ட கேக்குற கேள்வியே வேற மாதிரி இருக்கும், அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

இது டைப் 2 சக்கரை இருந்து, யூரின்ல அல்புமின் இறங்க ஆரம்பிச்சு, ஈஜிஎஃப்ஆர் (கிட்னி ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு வடிகட்டுதுங்கற கணக்கு) 25லிருந்து 60க்குள்ள இருக்குறவங்களுக்கு. ஏசிஆர் 30க்குக் கீழன்னா நார்மல், 300 தாண்டுனா லீக் பெருசு. ஒரு தடவை வந்த நம்பரை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. காய்ச்சல், யூரின் இன்ஃபெக்ஷன், முந்தின நாள் கடுமையான காட்டு வேலை, எது இருந்தாலும் ஏறும். காலைல எந்திரிச்சதும் போற முதல் யூரின்ல, சில மாசத்துக்குள்ள மூணு தடவை பாத்து ரெண்டுல அதிகமா இருந்தாதான் கணக்கு.

முதல் வழி ஆஞ்சியோடென்சின், பிரஷரை ஏத்துற ஹார்மோன். கிட்னிக்குள்ள லட்சக்கணக்குல குட்டிக் குட்டி ஃபில்டர் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ரத்தம் உள்ள வர ஒரு குழாய், வெளிய போக ஒரு குழாய். தக்காளித் தோட்டத்துல சொட்டுநீர்ப் பாசனத்துக்கு ஃபில்டர் மாட்டுறோமே, வெளிய போற வால்வை இறுக்குனா ஃபில்டருக்குள்ள பிரஷர் ஏறி வலை கிழியும்ல, ஆஞ்சியோடென்சின் 2 பண்றது அதேதான், வெளிய போற குழாயை இறுக்கி உள்ள பிரஷரை ஏத்துது. அதோட நிக்கறதில்ல. செல் மேல இருக்குற ஏடி1 ரிசெப்டர்ல போய் உக்காந்து உள்ள டிஜிஎஃப் பீட்டாங்குற சிக்னலைத் தூண்டிவிடுது, அது கிட்னியில தழும்பு விழ வைக்குது. டெல்மிசார்டான், லோசார்டான் மாதிரி 'சார்டான்'கள் அந்த ரிசெப்டரை அடைக்கும். ராமிபிரில், எனலாபிரில் மாதிரி 'பிரில்'கள் ஆஞ்சியோடென்சின் 2 உருவாகறதையே குறைக்கும், ஆனா சிலருக்கு வறட்டு இருமல் வரும், அதனாலதான் நிறைய டாக்டருங்க சார்டான் பக்கம் போயிடறாங்க.

இதுக்கு ஆதாரம் பழசு, உறுதியானது. 2001ல வந்த ரெனால் ட்ரையல்ல (ட்ரையல்னா மருந்தை நிறைய பேர்கிட்ட ஒப்பிட்டுப் பாக்குற ஆராய்ச்சி) 1513 பேர்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு லோசார்டான், மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை குடுத்துப் பாத்தாங்க, கிட்னி முழுசா செயலிழந்து போற ஆபத்து 28 சதவீதம் குறைஞ்சது. அதே வருஷம் இர்பெசார்டானுக்கும் ஐடிஎன்டி ட்ரையல் வந்தது, அதுல குடுத்த டோஸ் 300 மில்லிகிராம், அதாவது முழு டோஸ். நம்ம ஊர் சீட்டுல நான் பாக்குற பெரிய ஓட்டை இங்கதான். 20, 40லயே வருஷக்கணக்கா நிக்குது. பிரஷர் கன்ட்ரோல்ல இருக்குன்னு யாரும் ஏத்தறதில்ல, ஆனா அல்புமினைக் குறைக்க உடம்பு தாங்குற அளவுக்கு ஏத்தணும், டெல்மிசார்டான்னா 80 வரைக்கும். அதனால புது மருந்து கேக்குறதுக்கு முன்னாடி "சார், இருக்கற டோஸை ஏத்தலாமா?"ன்னு கேளுங்க, கூடுதல் செலவு ரொம்பக் கம்மி. இன்னொண்ணு, உப்பு. மாங்கா ஊறுகாய், அப்பளம், கருவாடுன்னு சாப்பிட்டுட்டு சார்டான் போட்டா அல்புமினைக் குறைக்குற வேலைல பெரும் பங்கு வீணாகுது.

ஒரு வழியையே ரெண்டு பக்கம் அடைச்சா டபுள் பலன் வருமேன்னு பிரிலையும் சார்டானையும் சேத்துப் பாத்துட்டாங்க. 2008ல ஆன்டார்கெட், 2013ல விஏ நெஃப்ரான் டி, ரெண்டுலயும் கெட்டதுதான் கூடுச்சு, ரெண்டாவது ட்ரையலைப் பொட்டாசியம் ஏறி, திடீர் கிட்னி ஃபெயிலியர் வந்து பாதியிலயே நிறுத்திட்டாங்க. சீட்டுல ரெண்டும் சேந்து இருந்தா டாக்டர்கிட்ட அவசியம் காட்டுங்க. கர்ப்பமா இருக்குற, ஆகப்போற பொண்ணுங்களுக்கு ரெண்டுமே ஆகாது.

ரெண்டாவது வழி எஸ்ஜிஎல்டி2. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் இதெல்லாம். என் கணக்குல சார்டானுக்கு அடுத்த இடம் இதுக்குத்தான், மத்தது எல்லாம் இதுக்குப் பின்னாடி. ஏன்னு சொல்றேன்.

ஃபில்டர்ல இறங்குன சக்கரையைத் திரும்ப உறிஞ்சுற பம்புதான் எஸ்ஜிஎல்டி2, கிட்டத்தட்ட 90 சதவீதம் அதுதான் உறிஞ்சுது, சக்கரையோட சோடியமும் கூடவே போயிடுது. சக்கரை அதிகமா இருந்தா பம்பு அதிகமா ஓடும், சோடியம் முழுசும் மேலயே உறிஞ்சப்பட்டு கீழ கொஞ்சமாதான் போகும், கீழ மேக்குலா டென்சான்னு ஒரு சென்சார் இருக்கு, அது "அடடா, சோடியம் பத்தலையே, ஃபில்டர் சரியா ஓடலை போல"ன்னு தப்பாப் புரிஞ்சுகிட்டு உள்ள வர்ற குழாயைத் திறந்துவிடச் சொல்லிடுது. ஃபில்டர்ல பிரஷர் எகிறுது. மாத்திரை பம்பை அடைச்சா சோடியம் கீழ வரைக்கும் போகுது, சென்சார் சமாதானமாகி அடினோசின் வழியா சிக்னல் குடுக்குது, உள்ள வர்ற வால்வு கொஞ்சம் சுருங்குது. சார்டான் வெளிய போற பக்கத்தைத் திறக்குது, இது உள்ள வர்ற பக்கத்தைக் குறைக்குது, ரெண்டும் வேற வேற இடம். அதனாலதான் ரெண்டையும் சேத்தா கூடுதல் பலன், பிரிலும் சார்டானும் சேந்தப்ப வந்த கதை இங்க இல்ல.

ட்ரையல் எல்லாம் சார்டான் அல்லது பிரில் ஏற்கனவே போட்டுட்டு இருந்தவங்ககிட்டதான் பெரும்பாலும் நடந்தது. 2019ல கிரெடென்ஸ், 4401 பேர், கானாகிளிஃப்ளோசின், கிட்னி மோசமாகுறது, கிட்னியாலயோ இதயத்தாலயோ சாவுன்னு சேத்துப் பாத்த ஆபத்து 30 சதவீதம் குறைவு. 2020ல டாபா சிகேடி, 4304 பேர், 39 சதவீதம். எம்பா கிட்னில 6609 பேர், 28 சதவீதம். ஒவ்வொண்ணுலயும் அளந்தது கொஞ்சம் வித்தியாசம், அதனால 39 பெருசு 28 சிறுசுன்னு மாத்திரைக்கு மாத்திரை ஒப்பிடக்கூடாது, மூணும் ஒரே திசையைக் காட்டுது, அதுதான் முக்கியம். விலையும் இப்ப கைக்கு எட்டுது, டாபாகிளிஃப்ளோசின் பேடன்ட் 2020ல முடிஞ்சது, எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025ல, ரெண்டுக்கும் நம்ம நாட்டுக் கம்பெனிங்க வரிசையா இறக்கிட்டாங்க, மக்கள் மருந்தகத்துல டாபா கிடைக்குது. ஒரே டோஸ், தினம் ஒண்ணு, ஏத்தி இறக்குற வேலை இல்ல. சுகர் பெருசா குறையலையேன்னு சிலர் நிறுத்திடறாங்க, கிட்னி தளர்ந்தவங்களுக்கு இது சுகரைக் கம்மியாதான் குறைக்கும், கிட்னியைக் காப்பாத்துற வேலை அப்பவும் நடக்கும்.

இப்ப எங்க லேப் மேசைல நடக்குறதைச் சொல்லணும். டாபா ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரம் கழிச்சு யூரின் டெஸ்டுக்கு வருவாங்க, ஸ்ட்ரிப்பை முக்கி எடுத்தா சக்கரை கட்டம் கரும்பழுப்பா மாறி 4 பிளஸ் காட்டும். அதைப் பாத்துட்டு வீட்ல அலறிடறாங்க. சக்கரையை யூரின்ல வெளியேத்துறதுதான் அந்த மாத்திரையோட வேலையே, 4 பிளஸ் வந்தா மாத்திரை ஒழுங்காப் போடுறாங்கன்னு அர்த்தம். ரத்தத்துல எடுத்த சுகரையும் எச்பிஏ1சியையும் (மூணு மாச சராசரி சுகர்) மட்டும் பாருங்க.

இதைவிடப் பெரிய பிரச்சனை கிரியேட்டினின். சார்டான் ஆரம்பிச்சாலோ டோஸ் ஏத்துனாலோ, டாபா சேத்தாலோ, முதல் சில வாரத்துல கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். 1.4 இருந்தது 1.6 ஆகும். "உப்பு ஏறிடுச்சு, இந்த மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்குது"ன்னு தானா நிறுத்திட்டு மறுபடி பழைய சீட்டுக்கே போயிடறாங்க, இது எனக்குப் பாக்கப் பாக்க மனசு ஆறாத விஷயம். ஃபில்டர்ல இருந்த வேண்டாத பிரஷர் இறங்குனதாலதான் அந்த ஏத்தம், அதாவது மருந்து போய்ச் சேந்துடுச்சுன்னு உடம்பு சொல்லுது. 30 சதவீதத்துக்குள்ள ஏறி அங்கயே நின்னா பொதுவா தொடரச் சொல்லுவாங்க, அதுக்கு மேல போனா ரத்தக் குழாய் அடைப்போ தண்ணி வத்திப் போறதோ இருக்கான்னு தேடுவாங்க. ட்ரையல் கிராஃப்ல பாத்தீங்கன்னா மருந்து போட்டவங்க கோடு முதல்ல ஒரு படி கீழ இறங்கி அப்புறம் மெதுவா சாயும், போடாதவங்க கோடு ஆரம்பத்துல மேல இருந்து அப்புறம் வேகமா சரியும், கொஞ்ச காலத்துல ரெண்டும் குறுக்க வெட்டிக்கும். முதல் மாச ரிப்போர்ட்டை வச்சு முடிவு எடுத்தா தப்பான கோடுதான் நல்லதாத் தெரியும்.

டாபாவுக்குத் தொந்தரவும் இருக்கு. பிறப்புறுப்புல அரிப்பு, பூஞ்சை வரலாம், யூரின் போனதும் தண்ணி ஊத்திக் கழுவி ஈரம் துடைச்சா நிறைய தவிர்க்கலாம், இதை வெக்கப்படாம வீட்டு அம்மாக்கள்கிட்ட யாராவது சொல்லணும். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்த நாள்ல டாபாவையும், தண்ணி மாத்திரையையும் (யூரினை அதிகமாப் போக வைக்கிறது), சார்டானையும், மெட்ஃபார்மினையும் நிறுத்தி வைக்கணுமான்னு முன்னாடியே டாக்டர்கிட்ட எழுதி வாங்கி வச்சுக்கோங்க, சரியானதும் திரும்ப ஆரம்பிக்கணும்ங்கறதையும் சேத்து. சாப்பிடாம டாபா மட்டும் உள்ள போனா சுகர் நார்மலா இருக்கும்போதே கீட்டோ ஆசிட் ஏறி ஆபத்தாகலாம். ஆபரேஷனுக்கு மூணு நாள் முன்னாடி நிறுத்தச் சொல்லுவாங்க. விரதம் இருக்குறவங்களும் சொல்லிட்டு இருங்க.

நம்ம தர்மபுரி மாவட்டத்துக்குன்னு ஒண்ணு தனியா இருக்கு. தண்ணில ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதுக்காகத்தான், ஆனா பல வருஷம் போர்வெல் தண்ணி குடிச்ச பெரியவங்களுக்கு முதுகும் முட்டியும் இறுகிப்போய் வலி விட்ட பாடில்ல, அந்த வலிக்கு டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக்னு கடைல வாங்கி முழுங்கறாங்க. உள்ள வர்ற குழாயைத் திறந்து வைக்கிறது புரோஸ்டாகிளாண்டின்ங்குற சிக்னல், வலி மாத்திரை அதையே அடைக்குது. சார்டான் ஒரு பக்கம், தண்ணி மாத்திரை ஒரு பக்கம், கூட வலி மாத்திரை, மூணும் சேந்தா வெயில்ல வேலை பாத்துத் தண்ணி வத்துன உடம்புல கிட்னி ஒரே வாரத்துல படுத்துடலாம். மேல சொன்ன எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் வலிக்கு என்ன சாப்பிடறீங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, பாரசிட்டமாலோ மேல தடவுறதோ வச்சு சமாளிக்க முடியுமான்னு கேளுங்க.

மூணாவது வழி ஆல்டோஸ்டிரோன், மருந்து ஃபினரெனோன். சார்டான் போட்டா ஆல்டோஸ்டிரோன் குறையும், ஆனா கொஞ்ச நாள்ல சிலருக்கு மறுபடி ஏறிடும். இந்த ஹார்மோனோட ரிசெப்டர் செல்லுக்கு உள்ளயே இருக்கு, ஹார்மோன் ஒட்டுனதும் நியூக்ளியஸுக்குள்ள போய் எந்த ஜீன் வேலை செய்யணும்னு மாத்துது, அதுல வீக்கமும் தழும்பும் வருது. அதாவது முதல் ரெண்டு வழியும் முக்கியமா பிரஷரைக் குறைக்குது, இது வீக்கத்தையும் தழும்பையும் தொடுது. ஸ்பைரோனோலாக்டோனும் இதே ரிசெப்டர்தான், ஆனா அது மத்த ஹார்மோன் ரிசெப்டர்லயும் ஒட்டறதால ஆம்பளைங்களுக்கு மார்பு வீங்கும், கிட்னியைக் காப்பாத்தும்னு காட்டுற பெரிய ட்ரையலும் அதுக்கு இல்ல. ஃபினரெனோனுக்கு இருக்கு. 2020ல ஃபிடெலியோ, 5674 பேர், கிட்னி சம்பந்தமான ஆபத்து 18 சதவீதம் குறைவு, எல்லாரும் ஏற்கனவே சார்டானோ பிரிலோ போட்டவங்க.

இங்க தடை பொட்டாசியம். 5க்கு மேல இருந்தா பொதுவா ஆரம்பிக்க மாட்டாங்க, ஆரம்பிச்சு நாலு வாரத்துல பாக்கணும், 5.5 தாண்டுனா நிறுத்தி வைக்கணும். ஃபிடெலியோல பொட்டாசியத்தால மருந்தை விட்டவங்க 2.3 சதவீதம், டம்மி மாத்திரை குரூப்ல 0.9. கம்மிதான், ஆனா அது ஒழுங்கா ரத்தம் எடுத்துப் பாத்த இடத்துல. நம்ம பக்கம் கிராமத்து கலெக்ஷன் பாயிண்ட்ல காலைல எடுத்த ரத்தம் சென்ட்ரிஃப்யூஜ் மெஷின்ல சுத்திப் பிரிக்காம அப்படியே பஸ்ல டவுனுக்கு வந்து சேர மத்தியானம் ஆயிடும். ரத்தச் செல்லுக்குள்ள பொட்டாசியம் வெளிய இருக்குறதைவிட 20 மடங்குக்கு மேல, செல் உடைஞ்சா எல்லாம் சீரத்துக்கு (செல்லைப் பிரிச்சா மேல நிக்கிற தெளிவான நீர்) வந்துடும். சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்தி எடுத்தா சீரம் வைக்கோல் நிறத்துல தெளிவா நிக்கணும், ரோஸ் அடிச்சா அந்த 5.9 உண்மை 5.9 இல்ல. சுத்தாம ஐஸ்ல வச்சாலும் ஏறும், ஊசி போடும்போது கையை இறுக்கி இறுக்கி மூடித் திறந்தாலும் ஏறும். அதனால ஃபினரெனோன் போடறவங்க அங்கயே சுத்துற லேப்ல நேர்ல வந்து குடுங்க, நம்பர் சந்தேகமா இருந்தா அன்னைக்கே திரும்ப எடுக்கச் சொல்லுங்க, நெஜமாவே ஏறியிருந்தா அது இதயத்தைப் பாதிக்கும், அதையும் லேசா விடக்கூடாது.

சாப்பாட்டுலயும் கவனம், இளநீர், லோ சோடியம் உப்பு ரெண்டையும் முதல்ல நிறுத்தணும், அந்த உப்புல சோடியத்துக்குப் பதிலாப் போடறது பொட்டாசியம்தான். களி சாப்பிடலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க, கேழ்வரகுல பாலிஷ் அரிசியைவிட பொட்டாசியமும் பாஸ்பரஸும் கூட, பொட்டாசியம் 4.5ல இருக்குறவங்க களியை விட வேண்டியதில்ல, 5.3ல இருக்குறவங்க டயட்டீஷியன்கிட்ட அளவு கேக்கணும். மாம்பழ சீசன்லயும் அப்படித்தான், ஆனா அங்க பொட்டாசியத்துக்கு முன்னாடி சுகரே எகிறிடும்.

நாலாவது வழி ஜிஎல்பி 1, செமாகுளுடைட் ஊசி. செல் மேல இருக்குற ரிசெப்டரைத் தட்டி சைக்ளிக் ஏஎம்பி சிக்னலை ஏத்துது, சுகர், எடை, வீக்கம்னு பல பக்கம் குறைக்குது. 2024ல ஃப்ளோ ட்ரையல், 3533 பேர், 24 சதவீதம் குறைவு, பலன் தெளிவா தெரிஞ்சதால சீக்கிரமே முடிச்சாங்க. ஆனா அதுல இருந்தவங்களோட சராசரி பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கற கணக்கு) 32 பக்கம். நம்ம ஊர்ல காட்டு வேலை பாக்குற, 50 கிலோ இருக்குற சக்கரைக்காரங்களுக்குப் பசியைக் குறைச்சு இன்னும் எடை இறக்குறது நல்லதான்னு யோசிக்கணும், சதை கரைஞ்சா எந்திரிச்சு நடக்கவே கஷ்டம். ஓசூர்ல கம்பெனி வேலை, உக்காந்தே இருந்து 90 கிலோ, இதயப் பிரச்சனையும் இருக்குன்னா கணக்கு மாறும், அவங்களுக்கு இதை நான் மூணாவது இடத்துக்குக் கொண்டு வருவேன். இந்தியாவுல இதுக்குப் பேடன்ட் 2026 மார்ச் வரைக்கும்தான், அதனால விலையை மட்டும் பாத்து இதை ஒதுக்கிடாதீங்க. கண்ணுல சக்கரை பாதிப்பு இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

இந்த நாலுக்கும் வெளிய "தழும்பு விழுற சிக்னலையே நேரா அடைச்சா என்ன?"ன்னு தோணும், எனக்கும் காலேஜ் படிக்கும்போது அதுதான் சரின்னு பட்டது. டிஜிஎஃப் பீட்டாவுக்கு ஆன்டிபாடி செஞ்சு சக்கரை கிட்னிக்குக் குடுத்துப் பாத்தாங்க, பலன் இல்லைன்னு நிறுத்திட்டாங்க. பார்டாக்சலோன்னு இன்னொண்ணு, என்ஆர்எஃப்2ங்குற சிக்னலைத் தூண்டுறது, அது ஈஜிஎஃப்ஆரை ஏத்திக் காட்டுச்சு, கிரியேட்டினின் இறங்குச்சு, எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. 2185 பேர்கிட்ட பீக்கன் ட்ரையல் நடத்துனப்ப ஹார்ட் ஃபெயிலியர் கூடி 2012ல நிறுத்த வேண்டியதாப் போச்சு. கிரியேட்டினினைக் குறைச்சுக் காட்டறோம்னு லேகியமோ பொடியோ விக்கிறவங்க வீட்டு வாசலுக்கு வந்தா இதை நினைச்சுப் பாருங்க, கிரியேட்டினின் இறங்குறதும் கிட்னி பிழைக்கிறதும் ஒண்ணு இல்ல. பெரிய ட்ரையல்ல டயாலிசிஸைத் தள்ளிப் போட்டுக் காட்டுச்சான்னு மட்டும் கேளுங்க.

ஆக எனக்குத் தோணுற வரிசை இதுதான். சார்டானைத் தாங்குற அளவுக்கு ஏத்தறது, ஈஜிஎஃப்ஆர் 25க்கு மேல இருக்கும்போதே டாபா சேக்குறது, இந்த ரெண்டையும் தள்ளிப் போடவே கூடாது. அப்புறமும் ஏசிஆர் 100, 200ன்னு நின்னா, பொட்டாசியம் 4.8க்குள்ள இருந்து மாசா மாசம் ரத்தம் குடுக்க முடிஞ்சா ஃபினரெனோன். எடை கூட, இதய ஆபத்து கூடன்னா செமாகுளுடைட். டாபாவும் ஃபினரெனோனும் ஒண்ணாவே ஆரம்பிக்கலாமான்னு கேட்டா, 2025ல வந்த கான்ஃபிடென்ஸ் ட்ரையல்ல எம்பாகிளிஃப்ளோசினும் ஃபினரெனோனும் சேத்துக் குடுத்தப்ப ஆறு மாசத்துல ஏசிஆர் பாதியாச்சு, தனித்தனியாக் குடுத்ததைவிட நல்லா. எஸ்ஜிஎல்டி2 மாத்திரை பொட்டாசியம் ஏறுறதையும் கொஞ்சம் அடக்குது. ஆனா அதுல டயாலிசிஸ் வரைக்கும் போய்ப் பாக்கல, அல்புமினை மட்டும்தான் அளந்தாங்க, அதனால வசதி இருக்குறவங்க டாக்டரோட பேசி எடுக்க வேண்டிய முடிவு அது. பணம் இடிக்குதுன்னா முதல் ரெண்டையும் விடாம போடறதே நாலையும் ஆரம்பிச்சு மூணு மாசத்துல நிறுத்தறதைவிட எத்தனையோ மேல். மக்களைத் தேடி மருத்துவம் 2021ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளிலதான் ஆரம்பிச்சது, வீட்டுக்கு வர்ற அந்த அக்காகிட்ட பிரஷர், சுகர் மாத்திரை வாங்குறவங்க, யூரின் அல்புமின் எங்க பாக்கலாம்னு சேத்துக் கேட்டு வைங்க.

சக்கரையே இல்லாம யூரின்ல புரோட்டீன் போறவங்களும் இதைப் படிப்பீங்க. டாபா சிகேடில மூணுல ஒரு பங்கு பேருக்கும், எம்பா கிட்னில பாதிக்கு மேலயும் சக்கரை இல்ல, அதனால முதல் ரெண்டு வழி உங்களுக்கும் பொருந்தும். ஆனா கட்டி கட்டியா நீர்ப்பை வர்ற பாலிசிஸ்டிக் கிட்னிக்காரங்களை அந்த ட்ரையல்கள்ல சேக்கவே இல்ல, அவங்களுக்கு வேசோபிரெசின் சிக்னலை அடைக்குற டோல்வாப்டான்னு வேற வழி இருக்கு, அதுக்கு லிவர் டெஸ்ட் தொடர்ந்து பாக்கணும். ஐஜிஏ நெஃப்ரோபதி, லூபஸ்னு பயாப்ஸில வந்தவங்களுக்கு கணக்கே வேற, நேரா நெஃப்ராலஜிஸ்ட்கிட்ட போங்க.